நடுத்தோப்பு ஏன் காய்கிறது

1.

மலேசியாவில், செரண்டாவில் ஒரு கல்யாணப் பந்தி. இலைக்கு உப்பு வைக்க ஆள் வந்ததும் பக்கத்திலிருந்த பெரியவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஏன் என்று கேட்டேன். ரசம் வருவதற்குள் சொல்லி முடித்தார். ஆகவே இது என் சொந்தச் சரக்கு இல்லை. அவருக்குக் குமணன் என்று பெயர் வைத்திருக்கிறேன், மனைவிக்கு ரூபிணி. கதை ரூபிணியுடையது, ஏனென்றால் மண்ணைத் தின்றது அவள்தான்.

2.

முதல் தொடக்கம்: 'அசாம் ஜாவாவின் மரங்கள் மரணத்தின் மௌனத்தை—'

சே! இதைப் படித்தால் ரூபிணியே புத்தகத்தை மூடிவிடுவாள்.

இரண்டாவது: அசாம் ஜாவாவில் ரூபிணியின் அப்பா விட்டுப்போன தோப்புக்கு அவளும் குமணனும் கிள்ளானிலிருந்து சனிக்கிழமைகளில் வருவார்கள். சில மாதங்களாக வரும்போதெல்லாம் ஏதாவதொரு மரம் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் நடுத்தோப்பில், முதலில் ரம்புத்தான், பிறகு டுரியான்கள். இப்போது அங்கேயே அம்மன் கல்லுக்கு நிழல் தரும் வேம்பிலும் இலையோரம் கருகத் தொடங்கியிருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் கும்பிடும் அம்மன் அது. அப்பா நட்ட வேம்பு. அதுவும் போய்விட்டால் தோப்பில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று ரூபிணி கருகிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.

இது போதும். மேலே போவோம்.

3.

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமே என்று கணேஸ்வரனைக் கொண்டுவந்தேன். அடுத்த நிலத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருப்பவர், களைக்கு மருந்து அடிப்பவர். குமணனுக்கும் அவர்மேல்தான் கண்.

"அவன்தான் விஷம் வைக்கிறான். இனிக் கேட்டைப் பூட்டப் போறன். ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாது."

"அவரின்ர வேலியோரத்து வாழை ஜம்மெண்டு நிக்குது," என்றாள் ரூபிணி. "வாழையை விட்டுட்டு நடுத்தோப்பையோ மருந்து தேடிப் போகும்?"

நியாயமான கேள்வி. கணேஸ்வரனை விடுவித்துவிட்டேன். [அவரை வைத்து எழுதிய இரண்டு பக்கம் வீண். நல்ல பக்கங்கள் லா.] ஆனால் குமணன் பூட்டு வாங்கிவிட்டார்.

4.

ரூபிணி வேம்படியில் மண்ணைக் கிளறினாள். கறுப்பாக, உருண்டை உருண்டையாக ஏதோ வந்தது. பூச்சி முட்டையா? (இந்த இடத்தில் எனக்கு ஒரு பூச்சிக் கதைமேல் ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.) நசுக்கி மோந்து பார்த்தாள். மிளகு! விரலில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ! மண் உப்புக் கரிக்குது!"

"கடல் தண்ணி ஏறியிருக்கும்."

"கடல் மிளகும் கொண்டு வருமோ?"

5.

லயத்துச் சனங்கள் கும்பிட வருவது வெள்ளிக்கிழமையில். அடுத்த வெள்ளியன்றே இருவரும் வந்து காத்திருந்தார்கள். குமணன் கையில் பூட்டு. லயத்திலிருந்து தனேஸ்வரி வந்தாள், கையில் ஒரு பொட்டலம். கல் உப்பு, மேலே ஒரு பிடி மிளகு.

"என்னம்மா இது?"

"நேர்த்திக்கடன்க்கா. போன வருசம் அண்ணன் ஆஸ்பத்திரியில மெஷின்ல மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாருல்ல? ஒரு நாளும் கேட்டைப் பூட்டாத மனுசன் லா. எழுந்து வந்தா உப்பும் மொளகும் கொட்டுறோம்னு லயமே ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டோம். பொழைச்சு வந்துட்டாரு! வீட்டுக்கு வீடு மொறை வச்சுக் கொட்டுறோம்."

ரூபிணி அப்போது டாக்டருக்கு நன்றி சொல்லியிருந்தாள், நர்சுகளுக்குப் பழக்கூடை வாங்கிக் கொடுத்திருந்தாள். இப்படி ஒரு கூட்டம் தன் புருஷனுக்காக அம்மனிடம் மன்றாடியது அவளுக்குத் தெரியவே தெரியாது. இவர்களுக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது என்று நினைத்தாள். குமணன் பூட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"வேப்பமரம்தான் வாடுதேக்கா, பாக்கச் சகிக்கல," என்றாள் தனேஸ்வரி. "அதுக்கும் வேண்டிக்கிட்டிருக்கோம். இந்த வாரத்துலேர்ந்து ரெண்டு மடங்கு உப்பு."

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ரூபிணி உடைத்துச் சொல்கிறாள். தனேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து அழுகிறாள். (அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.)

அம்மன் கனவில் வந்து உப்புக்குப் பானை கேட்டதாக ரூபிணி புளுகுகிறாள். (அம்மன் கல்லுக்கு முன்னால் நின்றா? மாட்டாள்.)

சனிக்கிழமைதோறும் குமணன் குழாய்த் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து— (வெள்ளிக்கிழமை திரும்ப வருமே.)

எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. ரூபிணி அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பிள்ளை," என்று தொடங்கினாள்.

மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மரமும் பிழைக்க வேண்டும், அந்தப் பெண் மனசும் நோகக் கூடாது. பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று குமணன் கேட்டுக்கொண்டிருக்கிறார், சொந்த மூச்சில்.