முன்னாள் நடிகை

அற்புதமேரி எதிர்பார்த்த போன் அதுவல்ல.

தேக்கா சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம், தலையைக் குழம்புக்குத் தனியாக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பேசியது தொலைக்காட்சி விருது விழா நடத்துகிறவர்களின் அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண்.

"கங்கிராட்ஸ் ஆன்ட்டி! இந்த வருஷம் வாழ்நாள் சாதனையாளர் விருது உங்களுக்குத்தான்!"

வேறு யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்திருக்கும். அற்புதமேரிக்குக் குளிரவில்லை. "எனக்கா? எனக்கு அம்பத்தஞ்சுதாம்மா ஆகுது" என்றாள். அந்தப் பெண் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, "நீங்க ரொம்ப ஹம்பிள் லா ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு வைத்தது.

அந்த விருதைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? அதே மேடையில் எத்தனை பேர் வாங்கப் பார்த்திருக்கிறாள். பொன்னாடை போர்த்துவார்கள். நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை கூப்பிடாது. பெரிய மனுஷியாக்கி மூலையில் உட்காரவைப்பதற்கு இவ்வளவு அழகான ஏற்பாடு வேறெதுவும் இல்லை.

அவள் காத்திருந்தது செல்வராஜின் அழைப்புக்காக. செல்வராஜ் தயாரிக்கும் புதுத் தொடரின் நாயகிக்கு ஐம்பத்தைந்து வயது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரு நாள் காலையில், சண்டை இல்லை சச்சரவு இல்லை, புருஷனிடம் விவாகரத்து கேட்கிறாள். கதையைக் கேட்டதிலிருந்து அற்புதமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிறந்த நடிகை விருதை அவள் வாங்கியபோது வயது இருபத்தாறு. அதற்கப்புறம் வந்ததெல்லாம் சிறந்த துணை நடிகை. சமையலறை வாசலில் நின்று, முந்தானையை வாயில் பொத்தி, யார் யாருடைய அம்மாவாகவோ அழுது அழுது வாங்கியவை. ஒரு தொடரில் நாயகியாகத் தன் பெயர் முதலில் வந்து எத்தனை காலம்!

நடிப்பு டெஸ்டுக்கு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய கணவர் அலெக்சாண்டர் சாங்கி சரக்குப் பிரிவிலேயே தலை நரைத்தவர். அவருடைய ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை, டீசல் வாடையோடு அப்படியே மாட்டிக்கொண்டு, வீட்டு வாசல் காரிடாரில் நின்று நடித்தாள். அவர்தான் கைப்பேசியில் படம் பிடித்தார். இரண்டாவது முறை எடுக்கலாம் என்றதற்கு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கை வலிக்குது" என்று உள்ளே போய்விட்டார். இருந்ததைச் செல்வராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே நின்றன. ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்துப் பார்ப்பாள். நீலமாகிற வழியைக் காணோம்.

விருதுச் செய்தி கேட்டு அலெக்சாண்டருக்கு வாயெல்லாம் பல். மாலைக்குள் தேவாலயத்தில் ஃபாதருக்குச் சொல்லிவிட்டார், பாடகர் குழுவுக்குச் சொல்லிவிட்டார். ஷோகேஸில் பழைய விருதுகளை நெருக்கி வைத்து நடுவில் இடம் பிடித்தார்.

"நடுவுல இதை வெச்சா ஜம்முனு இருக்கும் மேரி. இனிமே ஷூட்டிங் ஷூட்டிங்னு அலைய வேணாம். நிம்மதியா இருக்கலாம்."

"யாருக்குங்க நிம்மதி?" என்று எரிந்து விழுந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கே தன் மேல் கோபமாக வந்தது. ஊரே கொண்டாடுகிறது, தனக்கு மட்டும் கொண்டாடத் தோன்றவில்லையே!

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. மேடை நடுவில் சிவப்பு வெல்வெட் நாற்காலி தயாராக இருந்தது. தொகுப்பாளன் கேலப், துறுதுறுவென்ற பையன், எதிரிலிருந்த திரையைப் பார்த்து வாசித்தான்: "நம் அனைவரின் அன்புக்குரிய முன்னாள் நடிகை அற்புதமேரி அவர்கள்!"

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

"தம்பி, அது யார் எழுதினது?"

"நான்தான் ஆன்ட்டி. ஓகேவா?"

"முன்னாள்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"முன்னால இருக்கிற ஆள்தானே? முன் ஆள். எல்லாருக்கும் ஃப்ரண்ட்ல நிக்கிறவங்க லா."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. இவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? "அது நடிப்பை விட்டவங்களைச் சொல்றது. முன்னணின்னு மாத்துப்பா" என்றாள். பையன் பதறிப்போய்ப் பத்துத் தடவை சாரி சொன்னான். திரையில் உடனே திருத்தினார்கள். அவன் கையில் அதே வரிகளோடு வைத்திருந்த அட்டையை யாரும் திருத்தவில்லை.

மாலையில் நேரலை. வேறு யாரையோ அறிமுகப்படுத்தும்போது திரை ஒரு நிமிடம் உறைந்ததில் மிரண்டுபோன கேலப், அவள் முறை வந்தபோது அட்டையைப் பார்த்தே வாசித்துவிட்டான். "முன்னாள் நடிகை அற்புதமேரி!"

அவளை உலுக்கியது அந்தச் சொல் அல்ல. அரங்கத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் செல்வராஜ்தான் பலமாகத் தட்டினார். அவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

பொன்னாடை விழுந்தது. கண்ணாடி விருது கைக்கு வந்தது. நாற்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. நன்றி சொல்ல மனப்பாடம் செய்துவைத்திருந்த வரிசை, கர்த்தர், கணவர், இயக்குநர்கள், ரசிகர்கள், எல்லாம் எங்கோ போய்விட்டது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி என்னை முன்னாள்னு சொன்னார். விருதுல வாழ்நாள்னு போட்டிருக்கு. ரொம்ப நன்றி. ஆனா இந்த ரெண்டு நாளும் எனக்கு வேணாம்." செல்வராஜை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஷூட்டிங் நாள் எப்போன்னு சொல்லுங்க. திங்கட்கிழமையிலிருந்து நான் ஃப்ரீ."

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் செல்வராஜ் ஓடிவந்தார். "என்னக்கா, நேரலையில மானத்தை வாங்கிட்டீங்களே!"

"என் வீடியோவைப் பார்த்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா. விருதுக் கமிட்டியில நானும் இருக்கேன். உங்க பேர் முடிவானதும், இவ்வளவு பெரியவங்களைப் போய் டெஸ்ட் பண்றது மரியாதையில்லைன்னு தோணுச்சு. அதான் திறக்கவே இல்ல."

"உங்க மரியாதையில தீயை வைக்க! திறந்து பாருங்க. பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லுங்க, போயிடறேன். பார்க்காமலே கும்பிடு போடாதீங்க."

அவர் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு திறந்தார். அவள் பார்க்க மனமில்லாமல் திரும்பி நின்றுகொண்டாள். அவளுடைய குரல் மட்டும் கேட்டது.

"எனக்கு விவாகரத்து வேணும். நீங்க ஒரு தப்பும் பண்ணலை. எனக்கு இன்னும் நாள் இருக்கு. அதான் காரணம்."

 பிறகு கரகரவென்று ஓர் ஆணின் குரல்: "ஏன் மேரி? இப்ப ஏன்?"

செல்வராஜ் நிமிர்ந்தார். "புருஷனா பேசறது யாருக்கா? நல்லா பண்றாரே."

"அவர் நடிக்கலை. எங்க வீட்டுக்காரர். நிஜம்னு நெனச்சுட்டார்."

செல்வராஜ் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டார். அவள் பொன்னாடையின் ஜரிகையைப் பிய்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த ஆரஞ்சுச் சட்டையைத் துவைச்சிடாதீங்கக்கா" என்றார் கடைசியில். "திங்கட்கிழமை காலையில அதோடயே வந்துடுங்க."

அவளுக்கு அழுகை வந்தது. பொத்திக்கொள்ளாமல் அழுதாள்.

அதற்குள் அவளைத் தேடிக்கொண்டு அலெக்சாண்டர் வந்து சேர்ந்தார். அவள் கையிலிருந்த விருதை வாங்கி, குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"திங்கட்கிழமை எனக்குச் சட்டை வேணுமே மேரி. வேலை இருக்கே."

"எனக்கும்தான் வேலை இருக்கு" என்றாள் அற்புதமேரி.