மரத்துக்குக் கட்டிய துணி

தோட்டத்துக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே குவோய் வாய்க்காலில் விழுந்து எழுந்தான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பிறந்து வளர்ந்த இடம்தான். ஆனால் சைகோனில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து தையல் மெஷின் ரிப்பேர் செய்தே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு, ஒற்றைத் தென்னைமரப் பாலத்தில் நடக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவன் மனைவி சுயென் பட்டணத்திலேயே பிறந்தவள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே நடையில் அக்கரை போய் வாழைப்பூ பறித்துக்கொண்டு வந்தாள்.

"இது உங்க ஊரா எங்க ஊரா?" என்று கேட்டாள்.

குவோய் சட்டையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குப் போனான்.

அப்பா இறந்து ஆறேழு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. ஆளில்லாத வீட்டைக் கறையானும் கொடியும் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால்தான் பட்டணத்துக் கடையை மூடிவிட்டு இங்கே வந்தார்கள். வந்த பிறகு தெரிந்தது, தோட்டம் ஒரு கைக்குழந்தை மாதிரி, நினைத்த நேரத்துக்கெல்லாம் கூப்பிடும் என்று. ஆற்றில் நீர் ஏறும்போது மதகைத் திறக்க வேண்டும், இறங்கும் முன்னால் மூட வேண்டும். வாய்க்காலில் படிந்த சேற்றை வாரி மரத்தடியில் அப்ப வேண்டும். ஆகாயத்தாமரையை இன்று அள்ளினால் நாளை மறுபடி முளைத்து நின்று சிரிக்கும். மதகுக்குப் போகும் வழியில்தான் அப்பாவின் சமாதி. அவர் வைத்த பம்பளிமாஸ் மரங்களுக்கு நடுவிலேயே அவரை வைத்திருந்தார்கள். தினமும் அதைக் கடக்கையில் குவோய் தலையைக் குனிந்துகொள்வான். மரியாதை என்று சுயென் நினைத்தாள். மரியாதை மட்டுமல்ல.

மரங்களில் எல்லாம் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வீட்டுப் பெரியவர் போய்விட்டால் அவர் நட்ட மரங்களிடமும் அதைச் சொல்லித் துக்கத்துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரம் ஏங்கிப் பட்டுவிடும். பெற்ற பிள்ளைகள் தலையில் கட்டிக்கொள்வது அகலத் துணி. மரத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் கிழித்தால் போதும். சாவன்று அழுதுகொண்டே கிழித்துக் கட்டியவன் குவோய்தான். பம்பளிமாஸ், மா, பலா, வெற்றிலைக் கொடி, ஒன்றையும் விடவில்லை. நாய் கழுத்தில்கூட ஒன்று கட்டினான். அன்றைக்குத் துணி கிடைக்காமல் போனது ஒரே ஒருத்திக்குத்தான். அவன் கூடப்பிறந்தவளுக்கு.

தியெப் அந்த வீட்டுக் கடைக்குட்டி. சந்தைக்குப் படகில் வந்த நாடகக் குழுவில் தந்தி வாத்தியம் வாசித்தவன் ஒருவனோடு, பெண் பார்க்க வருகிறார்கள் என்ற நாளில் போய்விட்டாள். அன்று மாலை குடித்துவிட்டு அப்பா முற்றத்தில் நின்று கத்தினார்: "நான் செத்தாலும் அவ என் பேர்ல துணி கட்டக் கூடாது!" ஊரே கேட்டது. குவோய் மட்டும் அதை மனசில் கல்வெட்டாக வெட்டி வைத்துக்கொண்டான்.

சாவுக்கு அவள் வந்தாள். கூலிப் படகில் தனியாக வந்து, படித்துறையில், பம்பளிமாஸ் மரத்தடியில் நின்றாள். மூத்த மகன் தட்டில் துணி எடுத்துவந்து கொடுத்தால்தான் அவள் மகள். கொடுக்காவிட்டால் துக்கம் கேட்க வந்த வேற்றாள். கொடுக்காமல் எப்படி உள்ளே வருவாள்? நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏங்க, பெத்த பொண்ணுங்க. கொண்டுபோய்க் குடுத்துடுங்க," என்று சுயென் காதோடு சொன்னாள்.

"இது எங்க வீட்டு விஷயம். நீ அடுப்பைப் பாரு," என்றான் குவோய்.

பிறகு ஒரு காரியம் செய்தான். துக்கத்துக்கு வந்த வெளியாட்களுக்குக் கொடுப்பதுபோல அவளுக்கு ஒரு தம்ளர் தேநீர் கொடுத்தனுப்பினான். அவள் வாங்கிக்கொண்டாள். சவ ஊர்வலம் தோட்டத்தைச் சுற்றி வந்தபோது படித்துறையில் யாரும் இல்லை. தம்ளர் மட்டும் மரத்தடியில், தொடாத தேநீரோடு இருந்தது.

அப்பா சொன்னதைத்தானே செய்தேன் என்று அவன் அப்போது தன்னையே மெச்சிக்கொண்டான். அந்த மெப்பு பட்டணத்தில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்துக்கு வந்து, கண் போகும் பக்கமெல்லாம் மரங்கள் துணியோடு நிற்பதைப் பார்க்கப் பார்க்க அது கரைய ஆரம்பித்தது. பலா மரத்துக்குக் கட்டினோமே, அவளுக்குக் கட்டவில்லையே என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான்.

படித்துறை மரத்தில் மட்டும் துணி இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பிறந்த வரிசையை வைத்து ஊருக்கெல்லாம் எட்டாம் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

"என்ன தம்பி, எல்லா மரத்துக்கும் கட்டிட்டு இதை மட்டும் அம்மணமா விட்டுட்டே?"

"கட்டினேன் அண்ணே. காத்துல போயிருக்கும்."

"காத்துக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா? உன் முடிச்சு அந்த லட்சணம்!"

குவோய் பழைய வெள்ளைச் சட்டையில் ஒன்று கிழித்து அதற்குக் கட்டினான். தாமதமாகக் கட்டினால் மரம் ஏற்றுக்கொள்ளுமா என்று அவனுக்குள்ளே ஒரு பயம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பயந்தபடியே ஆயிற்று. ஆனால் குற்றம் துணியின் மேல் இல்லை. புதுவருஷம் முடிந்த வறட்சியில் கடல்நீர் ஆற்றில் ஏறி வரும். அந்த நாட்களில் ஆற்று நீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் மதகைத் தொட மாட்டார்கள். குவோய் தொட்டான். திறந்துவிட்டுப் போய் உண்டு உறங்கி எழுந்தான். சுயென் பாத்திரம் கழுவப் போய்த் தண்ணீரைத் துப்பிக்கொண்டே ஓடிவந்தாள்.

"கருவாடு ஊறப்போட்ட மாதிரி இருக்குங்க!"

உப்பு முதலில் பிடித்தது படித்துறை மரத்தைத்தான். இலை நுனி கருகியது, பூவெல்லாம் கொட்டியது. ஜாடிகளில் பிடித்து வைத்திருந்த மழைநீரை இருவரும் குடம் குடமாகச் சுமந்து வேரில் ஊற்றினார்கள். எட்டாம் அண்ணனும் தன் வீட்டு ஜாடியைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் மரத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"இது போயிருந்தா உங்கப்பா கனவுல வந்து என்னை உதைச்சிருப்பார். இந்த மரத்துப் பழத்தை வியாபாரிக்குத் தர மாட்டார். முத்தினதும் பறிச்சு என் படகுலதான் ஏத்துவார்."

"யாருக்கு?"

"யாருக்கா? கடைக்குட்டிக்குத்தான். சந்தையில நூடுல்ஸ் கடை போட்டிருக்கால்ல. கடைசி நாலஞ்சு வருஷமா இதான் நடந்தது. 'நான் குடுத்தேன்னு சொல்லாதே, மரம் காய்ச்சதுன்னு சொல்லு'ம்பார். அவளும் பழத்தை மடியில வச்சுக்கிட்டு, 'மரம் எப்படி இருக்கு? ராத்திரி இருமுதா?'ன்னு கேப்பா."

குவோய் எழுந்துவிட்டான். "எனக்குத் தெரியாதே அண்ணே! சாவன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"துணித்தட்டு உன் கையில இருந்துது. மூத்த மகன் கையில தட்டு இருக்கிறப்ப ஊரான் வாய் திறக்கலாமா? நீயா கேட்டியா?" எட்டாம் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு அன்னிக்கு நினைச்சேன். சொல்லலை. என் தப்பும்தான்."

அன்று மாலை அப்பாவின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போது குவோய் முதல்முறையாக நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். வருஷத்துக்கு ஒரு தடவை புதுவருஷத்துக்கு வந்து, தின்று, பணிந்து, திரும்பிப் போன மகன் அவன். இருமுகிற மரத்தைப் பற்றி அவனிடம் யார் சொல்லியிருப்பார்கள்? அப்பாவே விட்டுவிட்ட வார்த்தையைக் கட்டிக் காத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. படத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதான். சுயென் கதவைச் சாத்திவிட்டு வெளியே கோழி அடைக்கப் போனாள்.

துக்கம் முடிகிற நாள் வந்துகொண்டிருந்தது. அன்று எல்லோரும் துணியை எடுத்துத் தீயில் போடுவார்கள், மரங்களுக்கும் அவிழ்த்துவிடுவார்கள். அதற்கு முன் அவளை அழைத்துவிட வேண்டும். போக நினைத்தே பல நாள் போயிற்று. இன்று சேறு, நாளை மதகு என்று சாக்குக்கா பஞ்சம்? கடைசியில் சுயென் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துப் படகில் ஏற்றிவிட்டாள்.

தியெப் கடையில் கூட்டம் இருந்தது. அவள் முடி நரைத்திருந்தது. அவனைப் பார்த்ததும் கரண்டி ஒரு நிமிஷம் நின்றது, பிறகு ஒரு கிண்ணம் நிரப்பிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். கொத்தமல்லி போடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது ஆகாது.

"குட்டி..."

"ஆறிடும். சாப்பிடுங்க."

"துக்கம் எடுக்கிறோம். நீ வரணும். அன்னிக்கு நான் பண்ணினது..."

"அண்ணே, அடுப்பு எரியுது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நாள் எனக்குத் தெரியும். வருவேன்."

வருவேன் என்றாளே! குவோய் வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டான். அவள் வந்ததும் அகலத் துணி ஒன்றைத் தலையில் கட்டிவிட வேண்டும். அப்பாவுக்கு முன்னால் பணிய வைத்து, பிறகு அவிழ்த்து, மற்றவர்கள் துணியோடு சேர்த்துத் தீயில் போட்டால் அவள் மகள்தான் என்று ஊரே பார்க்கும். துணியைத் துவைத்துக் காயவைத்துத் தட்டில் மடித்து வைத்தான். சுயென் புளிக்குழம்பும் மண்சட்டி மீனும் செய்தாள். கடைக்குட்டிக்குப் பிடித்த தேங்காய்ப்பால் வாழைப்பழமும் அடுப்பில் கொதித்தது.

அவள் சொன்னபடி வந்தாள். இந்தத் தடவை படித்துறையில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் பணிந்து எழுந்தாள். குவோய் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"குட்டி, இது அன்னிக்கே உனக்குக் குடுக்க வேண்டியது."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். பழுப்பேறிய வெள்ளைத் துணி. இரண்டு விரல் அகலம். கோணல் முடிச்சு போட்ட இடம் இன்னும் சுருங்கியே இருந்தது. அந்த முடிச்சைப் போட்டவனுக்குத் தன் கைவேலை தெரியாமல் போகுமா?

"என்கிட்ட இருக்கு அண்ணே," என்றாள். "நீங்க மரத்துக்குக் குடுத்தீங்க. நான் மரத்துக்கிட்ட வாங்கிக்கிட்டேன்."

சுயென் முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை நாளும் இதைத்தான்..." குவோய் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தான்.

"கடையில தலையில கட்டினா குழம்புல விழுந்துடும்னு கையில கட்டிக்கிட்டேன். மரத்துக்கிட்ட கேக்காம எடுத்துட்டேன். அது ஒண்ணுதான் மனசுக்கு உறுத்தலா இருந்தது. அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உப்பு பிடிச்சு, இப்ப துளிர்த்திருக்கு."

"துளிர்த்துடுச்சா!" அன்றைக்கு அவள் முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

முற்றத்தில் தீ மூட்டினார்கள். குவோய் தன் துணியைப் போட்டான், சுயென் போட்டாள். தியெப் தன்னுடையதை மடித்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு போட்டாள். மெல்லிசுத் துணி, போட்டதும் தீர்ந்துவிட்டது. குவோய் வைத்த அகலத் துணி யாரும் தொடாமல் தட்டிலேயே கிடந்தது.

"சாப்பாடு போட்டாச்சு, வாம்மா," என்று சுயென் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி. ஒரு தம்ளர் தேத்தண்ணி போதும். அன்னிக்குக் குடுத்ததைக் குடிக்காம போயிட்டேன்."

குவோய்க்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தேநீர் கேட்டாள். சுயென் கொண்டுவந்து கொடுத்ததைப் படித்துறையில், அதே மரத்தடியில் நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மரத்தின் அடியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். தம்ளரைக் குவோயின் கையில் கொடுத்தாள்.

"அடிக்கடி வா, குட்டி. இது உன் வீடு."

"அப்பாவுக்கு வந்தேன் அண்ணே. அப்பா காரியம் முடிஞ்சுது." படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, "மதகு திறக்கிறப்ப தண்ணிய நாக்குல வச்சுப் பாருங்க," என்றாள். படகு வளைவு திரும்பும்வரை குவோய் தம்ளரோடு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாம் அண்ணன் மரம் மரமாகத் துணிகளை அவிழ்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார். படித்துறை மரத்துக்கு வந்து, குவோய் பிற்பாடு கட்டிய சட்டைத் துணியில் கை வைத்தார்.

"இதையும் அவுத்துடவா தம்பி? தீ அணையப் போவுது."

"வேணாம் அண்ணே, இருக்கட்டும்."

"துக்கம் முடிஞ்ச பிறகு மரத்துல துணி இருக்கலாமா?"

"மரத்துக்கு முடிஞ்சிடுச்சு அண்ணே," என்றான் குவோய். "அது எனக்குக் கட்டினது."

எட்டாம் அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனார். ஆற்றில் நீர் ஏற ஆரம்பித்திருந்தது. குவோய் மதகுக்குப் போய்க் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான்.