குறுக்குக் கோடு இல்லாத ஏழு

மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு அல்மாத்தி பதிவு அலுவலகத்தில் கைசாருக்கும் துமாருக்கும் கல்யாணம். நேரம் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். துமார் வீட்டுக்குள் இருந்தாள். வாசலில் குறுக்கே கயிறு கட்டி நின்றாள் தங்கை பல்ஜான்.

மாப்பிள்ளை ஏதாவது கொடுத்தால்தான் கயிறு இறங்கும். கைசார் பட்டுச் சால்வையும் சாக்லேட் பெட்டியும் நீட்டினான்.

"அதெல்லாம் மத்த வீட்டுல. கணக்குத் துறையில பொண்ணு எடுக்கறீங்க அத்தான், கணக்குப் போட்டே உள்ள வாங்க." ஒரு சீட்டைக் கொடுத்தாள். "இதை வகுக்கற எண் ஏதாவது இருந்தா சொல்லுங்க. ஒண்ணும் அதுவும் சேராது."

ஒன்று, எட்டு சுழியம், கடைசியில் மறுபடி ஒன்று. கைசாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏழு. பதினாலு கோடியே இருபத்தெட்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து நூத்து நாப்பத்து மூணு தடவை. கயித்தை இறக்கு."

"ஏழால போகாது. மிச்சம் ஆறு."

தோழன் நுர்தாய் சாக்லேட் பெட்டி மேலேயே பெருக்கிப் பார்த்தான். "மாப்பிள்ளை சொன்னது சரிதாம்மா."

"கடைசில இருக்கறது ஏழு, அண்ணா."

"ஏழுன்னா குறுக்குக் கோடு எங்க? கோடு இல்லேன்னா நம்ம ஊர்ல அது ஒண்ணு."

"லண்டன்ல போடறதில்ல."

"மூணு வருஷம் படிச்சு ஏழைத் தொலைச்சுட்டு வந்திருக்கா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைசார் சிரிக்கவில்லை. "அப்ப இது நூறு கோடியே ஏழு. பகா எண். எதாலயும் போகாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எல்லாருக்கும் தெரியும்ங்கறது நிரூபணமா?"

வந்தவர்கள் முக்கால்வாசி பல்கலைக்கழகக் கணக்குத் துறை ஆட்கள். கேள்வி நியாயம் என்று அத்தனை தலைகளும் ஆடின. கைசாரின் தலையும் ஆடியது. முப்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மூவாயிரத்து நானூறுதான். ஆளுக்கு நூறு என்றார் ஒருவர். கைபேசி கூடாது என்றாள் பல்ஜான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்தார்கள்.

"பதிமூணு போகல."

"பதினேழு போகல."

மணி பதினொன்றே கால். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை முப்பத்தேழில் இருந்தான்.

"இருபதாயிரத்துக்கு மேல யார் எடுத்திருக்கீங்க?"

குரல் வாசலிலிருந்து வந்தது. துமார் வெள்ளைப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி குனிந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"யாரும் எடுக்கலயா? சரி, எனக்கு." கைசாரின் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

கைசார் அவளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். அதற்குப் பின்னால் வெறும் வீடுதான் இருந்தது. அவன் அவள் கையைப் பிடித்து எழுப்பினான்.

"கார்ல வகுத்துக்கலாம், வா."

"நிரூபணம் முடியல அத்தான்," என்று கயிறும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தாள் பல்ஜான்.

"இருபதாயிரத்துப் பதினொண்ணு போகல," என்று ஓடிக்கொண்டே சொன்னாள் கல்யாணப் பெண்.