ஒன்பது மார்க்

"ப்ளக் எங்கேம்மா?" என்று குளிர்பெட்டிக்காரர் மூன்றாவது முறை கேட்டபோதுதான் தங்கைக்குக் காதில் விழுந்தது. கூடத்தின் நடுவில் அண்ணனைக் கிடத்திய கண்ணாடிப் பெட்டி. அதன் வயர் சுவரை நோக்கி நீண்டு, எட்டாமல், இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"வண்டியில ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கு. பழசு. எடுத்துட்டு வரவா?"

"பழசு எதுக்குய்யா? இந்த வீட்ல இல்லாத பாக்ஸா?" என்று எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். உரிமையோடு அண்ணனின் வேலை அறைக்குள் நுழைந்து, மேசைக்கடியில் குனிந்து, எட்டுத் துளை வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். "இருக்கவே இருக்கு ஒன்பது மார்க்! அவர் மார்க் போட்ட பெட்டியிலேயே அவருக்குக் கரண்டு. யாருக்கு வாய்க்கும் சொல்லுங்க."

அது வேண்டாம் என்று சொல்லத் தங்கை வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டாள். குளிர்பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

அண்ணனை அந்த வட்டாரத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மார்க் சார்’ என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பக்கமே வேலை பார்த்தவரில்லை அவர். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்காக ஒரு பக்கம் எழுதியவர். கீபோர்டு, மவுஸ், கேமரா, பிரின்டர், வைரஸ் பிடிக்கும் மென்பொருள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருள் என்று எது கடைக்கு வந்தாலும் ஒரு மாதம் வீட்டில் போட்டு வதைத்துவிட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். அதில் மகா கஞ்சன். ஐந்து வந்தால் நல்ல பொருள். ஆறு வந்தால் செய்த கம்பெனிக்காரன் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வான். "கடவுளே இறங்கி வந்து ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடுத்தாலும், ஃபேன் சத்தம் போடுதுன்னு ஆறரைதான் போடுவார்" என்று எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த எட்டுத் துளைப் பெட்டிக்கு ஒன்பது போட்டார்.

கட்டுரையின் கடைசி வரிகள் தங்கைக்கு மனப்பாடம். ‘என் தங்கை முப்பது நாள், நாளுக்கு இரண்டு முறை இதன் சூட்டை அளந்து குறித்திருக்கிறாள். அறுபது தடவையில் ஒரு தடவைகூட முப்பத்தாறு டிகிரியைத் தாண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’

வாங்கினார்கள். அதைத்தான் இப்போது ஒவ்வொருவராக வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு அது ஒரு நல்ல பேச்சாக அமைந்துவிட்டது.

"மூணு வாரத்துல நாப்பது பெட்டி போயிருக்குக்கா" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சார் ஒன்பது போட்டிருக்காராமேன்னு பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வர்றாங்க. எவ்வளவு நம்பிக்கை பாருங்க!"

"எங்க வீட்லயும் அதுதான். ஃப்ரிட்ஜு, டிவி எல்லாம் அதுலதான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

தங்கை தரையில் ஓடிய வயரைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்று, அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். வந்த அன்றே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். "எனக்கு எல்லாம் தெரியும், அதனால நான் பிரயோஜனம் இல்ல. உனக்கு ஒண்ணுமே தெரியாது. நீதான் சரியான ஆளு" என்றார். கோபம் வந்தாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. எந்தப் பொருள் வந்தாலும் ஒரு மாதம் அவள் கையில்தான்.

இந்தப் பெட்டி வந்தபோது ஒரு நோட்டையும், காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே அந்த மாதிரி வெப்பமானி ஒன்றையும் கொடுத்தார். காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. பதினேழு நாள் ஒழுங்காகத்தான் அளந்தாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து, மறுபடி முப்பத்து நாலு. நாலு மணிக்கு அளக்க வேண்டுமென்றால் மத்தியானத் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டும். பதினெட்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையிலும் அளக்கவில்லை. அதற்கப்புறம் அந்த நினைப்பே வரவில்லை. கடைசி நாள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன அத்தனை நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை, பொய் எண்ணும் அழகாகவே வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று இரண்டு இடத்தில் முப்பத்தாறு போட்டாள். பாதியில் பேனாவைக்கூட மாற்றினாள். அந்தப் பேனாவை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது.

நேற்று மத்தியானம் அண்ணன் அந்த நோட்டோடு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ரூம்ல லேசா ஒரு வாசனை வருது. உனக்கு வருதா?"

"இல்லையே."

"பதினெட்டாம் நாளுக்கு மேல இருக்கே, இதெல்லாம் நீ அளந்ததுதானே?"

"பின்ன? உக்காந்து கதையா எழுதுவாங்க?"

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சரி. நீ சொன்னா சரிதான்" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார். தேநீருக்கு எழுப்பப் போனபோது கை சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு கஷ்டமும் படவில்லை என்றார் டாக்டர். கொடுத்துவைத்த சாவு என்று காலையிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாலைக் குவியலின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. நேற்று அவர் சொன்னபோது தெரியாத வாசனை. தெரியாமல் என்ன, தெரிந்துதான் இல்லை என்று சொல்லியிருந்தாள். இப்போது யாரும் கேட்கவில்லை, ஆனால் நன்றாகத் தெரிந்தது. காய்ந்த இஸ்திரிப் பெட்டியைத் துணியில் மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. தன் நாற்காலிக்கடியில் கிடந்த வெள்ளைப் பெட்டியின் அடியைக் கையை விட்டுத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க பழசையே கொண்டாங்க" என்றாள் குளிர்பெட்டிக்காரரிடம், தாழ்ந்த குரலில். அவர் ஏனென்று கேட்கவில்லை. சுவர் ஸ்விட்சை அணைத்து வயரை மாற்றினார். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. பெட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் வேலை அறைக்குள் போய்ப் புரட்டிப் பார்த்தாள். நாலாவது துளைக்கு நேர் கீழே தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம். விரலால் அழுத்தினால் அமுங்கியது.

அந்த நேரம் பார்த்து மாலையோடு பத்திரிகை ஆசிரியர் வந்தார். அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு, பேனா, தூக்கம் எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது.

"இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றார். "இருபத்திரண்டு வருஷமா சேத்த பேரு. இன்னைக்குத்தான் அவரை எடுக்கறோம். இன்னைக்கே போய் அவர் எழுதினது தப்புன்னு சொல்றதா? வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஒரு சின்னத் திருத்தம் போட்டுடறேன். ‘கவனமாகப் பயன்படுத்தவும்’னு நாசூக்கா."

"இன்னும் அஞ்சு நாள் இருக்கே."

"மூணு வாரம் ஒண்ணும் ஆகலையே. அஞ்சு நாள்ல என்ன ஆயிடப்போவுது?"

அதைக் கேட்டதும் அவளுக்கு மனசு லேசானது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணன் பேர் தப்பும், தன் பேரும் தப்பும். இத்தனை படித்த மனுஷர் சொல்கிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

தலைமாட்டில் பின் தெருப் பெண் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள். எதை வாங்குவதற்கு முன்னாலும் அண்ணனிடம் வந்து நிற்பாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார் சொல்லாம நான் ஒரு ஒயரு கூட வாங்கினதில்லக்கா. அந்தப் பெட்டி வந்தப்புறம்தான் நிம்மதி. பாப்பா ரூம்ல கட்டில் தலைமாட்டுல வச்சிருக்கேன். ஏர் கூலர், லைட்டு, என் லேப்டாப் எல்லாம் அதுலதான். இப்பகூடத் தூங்கவச்சிட்டு, மாமியாரைப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்களுக்குக் காது வேற கேக்காது, கொஞ்ச நேரத்துல போகணும்."

தங்கை அவளையே பார்த்தாள். அவள் விரல்கள் இன்னும் தங்கையின் கைக்குள் இருந்தன.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்று எழுந்தாள். குரல் பழைய பள்ளிக்கூட அலுவலகக் குரலாக வந்தது. "அந்த எட்டுத் துளைப் பெட்டியை வாங்கினவங்க கையைத் தூக்குங்க."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். இருந்தாலும் தூக்கினார்கள். எட்டுக் கை. கடைக்காரர் தூக்கவில்லை, அவர் விற்றவர்.

"இப்பவே வீட்டுக்குப் போங்க. ஸ்விட்சை அணைச்சிட்டு அதைக் கழட்டுங்க. அது உருகுது. நான் தொட்டுப் பாத்தேன், அடி வெந்து கிடக்கு."

"அம்மா…" என்றார் ஆசிரியர் வாசலிலிருந்து.

"முப்பது நாள் நான் அளந்தேன்னு அவர் எழுதினாரே, நான் அளக்கல. பதினேழு நாளுக்கு மேல எல்லாம் நானா போட்ட நம்பர். அவருக்குத் தெரியாது. நேத்து கேட்டார். அப்பவும் பொய்தான் சொன்னேன். அவர் உங்களை ஏமாத்தல. நான்தான் ஏமாத்தினேன், அவரையும் சேத்து."

கையிலிருந்த கையை உருவிக்கொண்டு முதலில் எழுந்தவள் பின் தெருப் பெண். செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு ஓடினாள்.

"ஐயோ, நான் வீட்டைப் பூட்டிட்டு வந்திருக்கேனே!" என்று எதிர்வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். அப்புறம் யார் யார் போனார்கள் என்று பார்க்க முடியவில்லை. துணைக்கு வந்தவர்களும் துணைக்கே போனார்கள். நாற்காலி இரண்டு சாய்ந்தன. நாலு நிமிஷத்தில் கூடம் காலி.

கடைக்காரர் படியில் உட்கார்ந்து, நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் திரும்பி நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இணையப் பக்கத்துல மேலயே போடு. ஆமா, இப்பவே. ‘வாங்கியவர்கள் உடனே கழற்றவும்’. இல்ல, நாசூக்கெல்லாம் வேண்டாம்" என்றார்.

சவ ஊர்தி வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அஞ்சு மணிக்குச் சுடுகாட்டுல இருக்கணும்மா. தூக்க ஆளே இல்லையே?"

"வருவாங்க" என்றாள். வருவார்களா என்று அவளுக்கே தெரியாது. எதற்காக வர வேண்டும்? கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்க்கப் பயமாக இருந்ததால் வாசலில் போய் நின்றாள்.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் வந்தார். வயரோடு பெட்டியைத் தூக்கி வந்து, யாருடைய வீட்டுக்குள்ளும் கொண்டுபோக மனமில்லாதவர் மாதிரி, மதில்மேல் வைத்தார். அடியில் அதே தவிட்டு வட்டம், இன்னும் பெரியதாக. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் அண்ணனின் தலைமாட்டில் கண்ணாடிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மூலைவீட்டுப் பெண் வைத்த பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள். தங்கையிடம் யாரும் பேசவில்லை. அவர்கள் திரும்பி வந்ததே போதும் என்று இருந்தது அவளுக்கு.

மதில்மேல் ஏழு பெட்டி சேர்ந்தது.

"தூக்கிரலாமா?" என்றார் வண்டிக்காரர்.

"பின் தெருப் பொண்ணு வரலையே" என்றாள் தங்கை.

"முதல்ல ஓடினதே அதுதானே?" மூலைவீட்டுப் பெண் போனை எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வைத்துவிட்டு மறுபடி போட்டாள். "மணி அடிக்குது. எடுக்கல."

கடைக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். உள்ளே கைப்பிடியைப் பிடித்தவர்கள் பிடித்தபடி இருந்தார்கள். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. அண்ணனை ஒருவரும் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எல்லோரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.