பெஸ்டோவுக்குத் துளசி ஆகாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகத் தோண்டி எடுத்தால் எனக்குத்தான் அசிங்கம். ஒரு சமையல் போட்டியிலிருந்து வந்தது. எங்கள் கம்பெனியில் வருடா வருடம் மகளிர் தினத்துக்கு அடுப்பில்லாச் சமையல் போட்டி வைப்பார்கள். மிக்ஸி உண்டு, தீ கிடையாது. வழக்கமாக ஊறவைத்த அவல் வரும், பழக்கலவை வரும், பிஸ்கட்டை நொறுக்கிப் பிடித்த லட்டு வரும். இந்த வருடம் நான் பெஸ்டோ செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தேன்.

என் பெயர் சந்திரலேகா. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். லைனில் வருகிற ஒவ்வொரு பீஸையும் இதில் என்ன கோளாறு என்றுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆறு வருடமாக அதே வேலை. இப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிக்கிறேன். இதைப் படிக்கிற உங்கள் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

"பென்னலூரில் ஒரு வீட்டு வாசலில் துளசி மாடம் இருந்தது, ஒரு நாள் அதில்"... வேண்டாம். சாமிக் கதை மாதிரி இருக்கிறது.

"ஷாரோன் நல்ல பெண்." இதுவும் வேண்டாம். ஒருத்தியை எடுத்த எடுப்பில் நல்லவள் என்று எழுதினால், அவளுக்கு யாரோ கெடுதல் செய்யப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"பெஸ்டோ என்பது இத்தாலிக்காரர்களின் பச்சைச் சட்னி." இது தேவலை. இந்த வரியில் யாரும் மாட்டவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பெஸ்டோ என்பது இத்தாலிக்காரர்களின் பச்சைச் சட்னி. இரண்டு கைப்பிடி பேசில் இலை, நாலு பல் பூண்டு, ஒரு கைப்பிடி பைன் கொட்டை, துருவிய சீஸ், ஆலிவ் எண்ணெய், உப்பு. இலையைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக உலர்த்த வேண்டும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். விடாமல் ஓட்டினால் ஜார் சூடேறி இலை கறுத்துப் போகும். எண்ணெயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். நைசாக அரைக்காமல் கொரகொரப்பாக நிறுத்திவிட வேண்டும்.

இதில் பாதிப் பொருள் எங்கள் தெருவில் கிடைக்காது. பைன் கொட்டைக்கு முந்திரி போடலாம், அதுவும் கட்டாதென்றால் தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை. ஆலிவ் எண்ணெய்க்குக் கடலை எண்ணெய். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், இலை வாசனையை மூடிவிடும். சீஸுக்கு மளிகைக்கடை ஃப்ரிட்ஜில் விற்கும் சின்னக் கட்டிகள் போதும், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பேசிலுக்கு?

[இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.]

4

மீனம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்காரர். கீழே அவர், மாடியில் இரண்டு ரூம். ஒன்றில் நான், இன்னொன்றில் ஷாரோன். இரண்டு ரூமுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அக்கா வாடகைக்கு விடுகிற அன்றே துளசி மாடத்தைக் காட்டி, "இத்த மட்டும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லித்தான் சாவி கொடுப்பார். மற்றபடி தங்கமானவர். கொஞ்சம் வாய் நீளம். [கொடுப்பதற்கு முன் இந்த வரியை அடிக்க வேண்டும்.]

ஷாரோன் மணிமங்கலத்துப் பெண். எங்கள் கம்பெனியிலேயே அப்ரண்டிஸ். அந்தப் பக்கம் கம்பெனி பஸ் போகாது, ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு விடிவதற்குள் ஏற வேண்டும் என்பதால்தான் இங்கே ரூம். ஜூனில் பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரூம் போனால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் அம்மா எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பக்கம் லேசில் ரூம் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அவளுக்கு ரூம்தான் வேலை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை அக்கா ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், துளசிச் செடி பாதி மொட்டையாக இருந்தது.

"கேட்டு பூட்டிக் கீது. வெளியாள் எவனும் உள்ள வர்ல. வூட்ல கீறவங்கதான் கை வெச்சிருக்கீங்க. அதுவும் செவ்வாக்கெழமையில."

நான் மாடிப்படியில் நின்று, "ஐயோ, யாருக்கா இப்படிப் பண்ணுனது?" என்று கேட்டேன்.*

* இந்த வசனம் நன்றாக அமைந்துவிட்டது. நன்றாக அமைகிற வசனத்தை நம்பாதீர்கள்.

5

அக்கா சத்தம் போட்டபோது ஷாரோன் வீட்டில் இல்லை, மணிமங்கலம் போயிருந்தாள். மறுநாள் அங்கிருந்தே யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஒரு பை நிறைய இலையோடு ரூமுக்கு வந்தாள். அவளும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள், அவளும் பெஸ்டோதான். ஒத்திகைக்காக அரைத்து, மீனம்மாள் அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, செகண்ட் ஷிஃப்டில் இருந்த எனக்கு ஜன்னலில் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. துளசி திருடு போன மறுநாள் எவளாவது பச்சையாக அரைத்து, அதை வீட்டுக்காரரிடமே கொண்டுபோய் நீட்டுவாளா? வேறொருத்தி எழுதிய கதையாக இருந்தால் இதை நம்ப மாட்டேன். ஆனால் அவளுக்குத் துளசி விஷயமே அப்போது தெரியாது.

வியாழக்கிழமை காலை அக்கா மேலே ஏறி வந்தார். கையில் அந்தக் கிண்ணம். தொடவே இல்லை.

"அந்தப் பொண்ணு உனுக்கும் குட்த்துச்சா?"

"ஆமாக்கா."

"துன்னியா?"

"ரெண்டு பிரெட்டுல தடவித் தின்னேன்."

"பூண்டு போட்டு அரைச்சுக்கினு கீறா. சாமி இலையில பூண்டு. அவ வேதக்காரப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும் துளசின்னா? உன்னான்ட கேக்குறேன், நீ கம்பெனியில செக் பண்றவ. சொல்லு. அது துளசிதான?"

என்னிடம் ஒருவர் ஒரு பீஸை நீட்டி, இது சரியா தப்பா என்று கேட்கிறார். ஆறு வருடத்தில் ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி.

"பச்சையாத்தாங்கா இருந்துச்சு" என்றேன்.

பொய் இல்லை. பச்சையாகத்தான் இருந்தது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சாயங்காலம் ஷாரோனிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மீதி அட்வான்ஸைக்கூட அப்போதே கையில் கொடுத்துவிட்டார், அந்த விஷயத்தில் நியாயமானவர்.

6

அடித்த வரி இதுதான்: "பேசிலுக்குத் துளசி போடலாம், இரண்டும் ஒரே குடும்பம்."

செவ்வாய்க்கிழமை எனக்கு மத்தியானம்தான் ஷிஃப்ட். ஃபோனில் பேசில் படத்தைப் பார்த்தேன், ஜன்னல் வழியாகக் கீழே மாடத்தைப் பார்த்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். கொஞ்சம்தானே என்று இறங்கினேன். இரண்டு கைப்பிடி என்று குறிப்பில் இருந்தது. பறித்தவள் நான்தான்.

அது பெஸ்டோ ஆகவும் இல்லை. துளசியையும் பூண்டையும் சீஸையும் சேர்த்து அரைத்தால் இருமல் மருந்தில் வெண்ணெய் போட்டது மாதிரி ஆகிறது. கசந்தது, நாக்கு மரத்தது. எல்லாவற்றையும் பாத்ரூமில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஜாரைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன், வாசனை போவதற்காக. அக்கா கீழே சத்தம் போட்டபோது என் கை ஈரமாகவே இருந்தது.

ஷாரோன் அரைத்தது திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை காய்க்கும் செடி. அதுதான் பேசிலுக்கு நம் ஊரில் கிடைக்கும் கிட்டத்தட்ட அதே இலை. மணிமங்கலத்தில் அவள் அம்மா குழாயடியில் வளர்க்கிறார். பிரெட்டில் தடவி ஒரு வாய் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள்தான் துளசியை நாக்கில் வைத்துப் பார்த்தவள், எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இந்த வீட்டிலேயே அந்த வித்தியாசம் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7

வெள்ளிக்கிழமை, இரண்டு ஷிஃப்டும் சந்திக்கிற நேரத்தில், கேன்டீனில் போட்டி நடந்தது. என்னிடம் வெறும் கொத்தமல்லிக் கட்டுதான் இருந்தது.* ஷாரோன் வந்து ஒரு பையை என் மேஜையில் வைத்தாள்.

* கொத்தமல்லியிலும் பெஸ்டோ வரும். கூடவே பாதிப் பங்கு புதினாவும் எலுமிச்சைச் சாறு கொஞ்சமும் சேர்க்க வேண்டும். முழுக்கப் புதினாவில் செய்தால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி ஆகிவிடும்.

"என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்க்கா. எலை வாடிடும். நீ பண்ணு."

பண்ணினேன். வெள்ளரி வில்லைகளில் தடவினேன், பிரெட்டை முக்கோணமாக வெட்டி நடுவில் வைத்தேன், ஒரு கிண்ணத்தில் தயிரோடு கலந்து கேரட் குச்சிகளைச் சொருகினேன். வீட்டில் என்றால் சேமியாவில் பிரட்டலாம், தோசைக்கு நடுவே தடவலாம் என்று நடுவரிடம் விளக்கமும் கொடுத்தேன். முதல் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ்.

கைதட்டல் முடிந்து ஷாரோன் தன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பின்னாலேயே போனேன். ஹாட்பாக்ஸை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"செவ்வாக்கெழமை எனக்கு வீக் ஆஃப்க்கா. பத்தரை வரிக்கும் ரூம்லதான் இருந்தேன், அப்புறம்தான் ஊருக்குப் போனேன். நீ மிக்ஸி போட்டியே, அந்த வாசனை என் ரூம் வரிக்கும் வந்துச்சு."

அன்று அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், விடிவதற்குள் போயிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் செக் பண்ணுகிறவள் அதைச் செக் பண்ணவில்லை.

"தெரிஞ்சும் ஏன்ட்டி அக்காட்ட சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாங்களாக்கா? பழியைத் தூக்கி உன் மேல போடுறேன்னுதான் சொல்லுவாங்க. நீ சொன்னாதான் நம்புவாங்க."

திட்டவில்லை, அழவில்லை. பஸ் கிளம்பும் நேரம் என்று போய்விட்டாள். அவள் ஏன் என்னைத் திட்டவில்லை, இதில் என்ன உள்நோக்கம் என்று அப்போதும் ஒரு நிமிடம் யோசித்தேன். என் புத்தி அப்படி.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) கேட்டைத் தாண்டி ஒரு ஆடு வந்து துளசியைத் தின்றது. எல்லோரும் சிரித்தார்கள். இந்த முடிவில் யாரும் தப்பு செய்யவில்லை, அதனாலேயே இது பொய். பூட்டிய கேட்டை ஆடு எப்படித் தாண்டும் என்று நீங்கள் முதல் ஆளாகக் கேட்பீர்கள்.

(ஆ) ஷாரோனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இதைவிட நல்ல ரூம் கிடைத்துவிட்டது, எல்லாம் நல்லதற்கே என்று... இதை எழுதும்போது கையே வரவில்லை. விசாரித்தேன், அங்கே ரூம் கிடைக்கவில்லை. அம்மா வந்து கூட்டிப்போகிறார். திங்கட்கிழமை ரிசைன் எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

(இ) மீனம்மாள் அக்கா தானாகவே இரண்டு இலையையும் கசக்கி முகர்ந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. நான் வாயைத் திறக்கவே வேண்டாம். பிடித்திருப்பதாலேயே அடித்துவிட்டேன்.

நாலாவதாக ஒன்று உண்டு, அதில் நான் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்கிறேன். இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து இரண்டு தடவை இறங்கினேன். முதல் தடவை அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார், வாசலில் தண்ணீர் தெளித்தது நல்லதாப் போச்சு என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை, "இன்னாமே, காபி குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

9

ஆகவே எழுதினேன். பேச வராதது எனக்கு எழுதினால் வருகிறது. கதை என்று பெயர் வைத்தால் நடுநடுவே ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. நீங்கள் இதுவரை பார்த்திருப்பீர்கள், எத்தனை இடத்தில் ஒளிந்தேன் என்று.

இனி ஒளிய இடம் இல்லை. இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப் போவதில்லை. இதற்கு ஒரே ஒரு வாசகர்தான். வார இதழ் வந்ததும் தொடர்கதையை முதலில் படித்துவிட்டுத்தான் காய் நறுக்குகிறவர். மீனம்மாள் அக்கா, அது நீங்கள்தான். உங்களைத் தள்ளி வைத்து 'அவர், இவர்' என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டாவது பக்கத்துக்கு வந்திருக்க மாட்டேன். வாய் நீளம் என்ற வரியையும் அடிக்கவில்லை. ஒன்றை அடிக்க ஆரம்பித்தால் ஆறாவது பகுதியையும் அடித்துவிடுவேன்.

துளசியைப் பறித்தது நான். ஷாரோன் தொடவே இல்லை. நீங்கள் கேட்டபோது அது துளசி இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும், என்னையே நான் நம்புவதில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் ஜன்னலில் தண்ணீரில் போட்டு வைத்திருந்த திருநீற்றுப்பச்சிலையில் ஒரு கிளை எடுத்து இந்தத் தாள்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். உங்கள் துளசியை நீங்களே ஒன்று கிள்ளி, இரண்டையும் முகர்ந்து பாருங்கள்.

நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஷாரோன் குட்டியானை வண்டி வரச் சொல்லியிருக்கிறாள். வண்டி எப்படியும் வரும், முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எனக்கு ஷிஃப்ட் இல்லை, ரூமில்தான் இருப்பேன். என் பெட்டியையும் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டேன்.

அந்த வண்டியில் யார் சாமான் ஏற வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், அக்கா.