சமாதானச் சிலைக்கு அண்டாத் தலை

டங்கன் கேட்டது ஒன்றும் பெரிய காரியமில்லை. சண்டைக்காலத்திலிருந்து உங்கள் வீட்டில் கிடக்கிற ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள், மனசுக்குப் பாரமாக இருக்கிற பொருளாக இருக்கட்டும் என்றான். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிற்கிற மாதிரி ஒரு சமாதானச் சிலை செய்யலாம் என்றான். மெல்போர்னிலிருந்து இரும்பு ஒட்டும் கருவியோடும் வெயிலில் உரிந்த மூக்கோடும் வந்திருந்த நெட்டை மனிதன் அவன். நல்லவன். யார் எதைச் சொன்னாலும் "அருமை" என்பான்.

ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சொந்தச் சாமானைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதுவும் மனசுக்குப் பாரமான சாமான் என்றால், சண்டையில் எதிர்க்கரையிலிருந்து தூக்கி வந்த சாமானைவிடப் பாரமானது வேறு என்ன இருக்கிறது? ஆகவே இக்கரைக்காரர்கள் அக்கரைச் சாமானையும், அக்கரைக்காரர்கள் இக்கரைச் சாமானையும் சுமந்துகொண்டு ஆற்று நடுவில் இருக்கும் கூழாங்கல் திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காத மாதிரி எல்லோரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

தெயோனிலா மட்டும் வெறுங்கையோடு வந்தாள். அவள் வந்தது சிலைக்காக இல்லை. அக்கரைக் கூட்டத்தில் அவள் அக்கா கிரெசென்சியா வருவாளா என்று பார்க்கத்தான்.

பூகன்வில் தீவில் அந்தப் பக்கத்து வழக்கம் இது. அம்மா செத்தால், அம்மாவுக்குப் பிடித்த பண்டத்தைப் பிள்ளைகள் வாயில் வைப்பதில்லை. துக்கத்தை முடிக்கும் விருந்து வரைக்கும் அப்படித்தான். அந்த விருந்தைப் பெண்மக்கள் எல்லோரும் ஒரே அடுப்பில் நின்று சமைக்க வேண்டும். தெயோனிலாவின் அம்மா சண்டைக்காலத்தில், காட்டில் ஒளிந்திருந்தபோது காய்ச்சலில் போனவள். அவளுக்குப் பிடித்தது தாமாதாமா. சேப்பங்கிழங்கை அவித்து இடித்து, எண்ணெய் கக்கும் வரை காய்ச்சிய தேங்காய்ப்பாலில் புரட்டினால் வருவது. ஊரில் கல்யாணமோ ஞானஸ்நானமோ எது நடந்தாலும் முதலில் இறங்குவது அதுதான். அத்தனை வருஷமும் தெயோனிலா அந்த வாசனையைப் பிடித்துவிட்டு வெறும் வாழைக்காயைத் தின்று திரும்பினாள். ஏனென்றால் அக்கா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அக்கரை ஆட்கள்தான் தெயோனிலாவின் வீட்டைக் கொளுத்தியவர்கள். அடிபட்டவர்கள் முதலில் போய்ப் பேசக் கூடாது, அடித்தவர்கள்தான் வரவேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல், அக்கரையில் கிரெசென்சியாவும் தன்னை அடிபட்டவள் என்று நினைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கிரெசென்சியா வரவில்லை. டங்கன் மட்டும் குவியலைப் பார்த்து "அருமை, அருமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவன் உழைப்பாளி. சிமெண்டில் இரும்புக் குழாய்களை நட்டு, இரண்டு பேரின் எலும்புக்கூடு மாதிரி நிறுத்தி, அதன்மேல் சாமான்களைக் கம்பியால் கட்டிக்கொண்டே போனான். ஜீப்பின் மட்கார்டு தொடையாயிற்று. மண்வெட்டிகள் விலா எலும்புகளாயின. ஒருவருக்கு வலது கை சைக்கிள், இன்னொருவருக்கு இடது கை தையல் மெஷின் மேசையின் கால். கட்டி முடித்துவிட்டு, வந்து பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டான். அங்கேதான் வினை பிறந்தது.

தெயோனிலாவின் பக்கத்து வீட்டுக்காரி பாஸ்கலீன் சிலையைச் சுற்றி வந்தாள். கைக்குக் கீழே நின்றாள். நிமிர்ந்தாள்.

"ஏய்! இது என் சைக்கிள்!"

"உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது, தாயே," என்றான் டங்கன். அவன் பேச்சு பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கும். "இப்போது அது எல்லோருடைய சைக்கிள்."

"எல்லாரோடதுமா? சீட்டைப் பாரு, என் பாவாடைத் துணியில தெச்ச உறை. யாருடா இதைக் கொண்டாந்தது?"

அக்கரைக் கூட்டம் மொத்தமும் அலோயிஸைப் பார்த்தது. அலோயிஸ் வானத்தைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான் கடைசியில். "செயின் அறுந்துபோச்சு பாஸ்கலீன். மத்தபடி நல்லாத்தான் ஓடிச்சு."

முன்பென்றால் இந்த இடத்தில் கத்தி வெளியே வந்திருக்கும். ஆனால் சைக்கிள் ஒரு இரும்பு மனிதனின் கையாகத் தொங்கும்போது, அதற்குக் கீழே நின்று எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? பாஸ்கலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் கூழாங்கல்லில் உட்கார்ந்தாள். அலோயிஸும் எதிரே உட்கார்ந்து பையிலிருந்து பாக்கும் சுண்ணாம்பும் எடுத்து நீட்டினான். எடுத்தவன் இன்னது எடுத்தேன் என்று வாயால் சொல்லி, இழந்தவளோடு ஒரே சுண்ணாம்புக் குடுக்கையில் தொட்டு மென்று துப்பினால் அந்த விவகாரம் தீர்ந்தது என்பது அங்கே பெரியவர்கள் வைத்த சட்டம். இருவரும் மென்றார்கள். சிவப்பாகத் துப்பினார்கள். பாஸ்கலீன் எழுந்து கம்பியை முறுக்கி அவிழ்த்துச் சைக்கிளை இறக்கினாள்.

"தாயே! கை!" என்று அலறினான் டங்கன்.

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஆளைக் கையில்லாமல் விட்டுவிட்டுப் போவதாவது? பாஸ்கலீன் வீட்டுக்குப் போய், அலோயிஸின் வீட்டிலிருந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து அந்த இடத்தில் கட்டினாள். அதை மறுநாளே அலோயிஸின் பெண்டாட்டி அடையாளம் கண்டுபிடித்தாள்.

அதன்பிறகு சிலை ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இல்லை. காலையில் கட்டிப்பிடித்து நின்றவர்கள் சாயங்காலம் குஸ்தி போடுவார்கள். ஒருநாள் ஒருவருக்கு மூன்று கை, இன்னொருவருக்குத் தொடையே இல்லை. சாமானுக்குச் சாமான் வந்தது, பாக்குக்குப் பாக்கு வந்தது. திட்டு முழுக்கச் சிவப்பு எச்சில். கோழி அடித்த இடம் மாதிரி இருக்கிறதே என்று முதலில் பயந்த டங்கன், பிறகு தானும் பாக்கு மெல்லப் பழகி, பற்கள் சிவந்து, வேலை நேரத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான்.

அலோயிஸ் ஒரு பன்றியை இழுத்துவந்து சிலையின் காலில் கட்டினான்.

"இது என்ன?" என்றான் டங்கன்.

"எதிர்க்கரை மாத்தேயுவோட பன்னியை நாங்க சண்டையில தின்னுட்டோம். அதைத் திருப்பித் தர முடியாதில்ல? இது அதோட பேரன்."

"பன்றி சிலையில் இருக்க முடியாது, ஐயா. அது நகரும்."

"நீதானேப்பா எல்லாரும் கலந்துக்கணும்னு சொன்ன? அதுவும் கலந்துக்கட்டும்."

பன்றி கலந்துகொண்டது. மாத்தேயு அதைப் பார்த்துவிட்டு, பேரன் தாத்தாவைவிட இளைத்திருக்கிறான், கொழுத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அது சிலையின் நிழலில் படுத்து, பாக்கு மட்டையைத் தின்று, ஊரிலேயே நிம்மதியான ஜீவனாக இருந்தது.

இதையெல்லாம் தெயோனிலா தினமும் போய்ப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டிலிருந்து போனது அம்மாவின் அண்டா. ஊருக்கே தாமாதாமா கிண்டுகிற அகலமான அலுமினிய அண்டா. வீடு எரிந்த சாம்பலில் அவள் தேடித் தேடிப் பார்த்தது அதைத்தான், உருகின அலுமினியக் கட்டி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் யாரோ தூக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ அக்காதானா என்ற கேள்வி அன்றிலிருந்து அவளை விடவில்லை.

அராவா நகரத்திலிருந்து அதிகாரிகளும் சிலைக்குப் பணம் கொடுத்த வெள்ளைக்காரம்மாவும் திறப்பு விழாவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. டங்கனுக்குத் தூக்கம் போயிற்று. சிலையில் மிச்சம் இருந்தது ஒரு மட்கார்டு, ரெண்டு மண்வெட்டி, ஒரு பன்றி. இனிமேல் வருகிற எதையும் கம்பியால் கட்டுவதில்லை, துளை போட்டு போல்ட் முறுக்கிவிடுவது என்று தீர்மானித்தான்.

விழாவுக்கு முந்தின நாள் காலை, சிலைக்குத் தலை வந்துவிட்டது.

தெயோனிலா ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழாய் எலும்புக்கூட்டின் கழுத்தில் ஒரு அண்டா கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. விளிம்பில் வலப்பக்கம் ஒரு நசுங்கல். அவள் சின்னவளாக இருந்தபோது மரத்திலிருந்து தேங்காய் விழுந்து ஆன நசுங்கல். டங்கன் ஏணிமேல் நின்று, அண்டாவின் அடியில் கரித்துண்டால் ஒரு புள்ளி வைத்து, துளை போடும் மெஷினை ஓடவிட்டான்.

ஓட்டை விழுந்த அண்டாவில் பால் நிற்குமா?

"டேய்! துளை போடாதேடா!"

சத்தம் இரண்டு குரலில் கேட்டது. ஆற்றுக்குள்ளிருந்து தெயோனிலாவின் குரல். அக்கரைப் புதரிலிருந்து இன்னொரு குரல். புதரை விலக்கிக்கொண்டு கிரெசென்சியா ஓடிவந்தாள். இரண்டு பக்கமிருந்தும் ஏணியைப் பிடித்து உலுக்கியதில் டங்கன் மெஷினோடு பன்றியின்மேல் இறங்கினான்.

கூடவே உருண்டு விழுந்த அண்டாவைத் தெயோனிலா ஒரு பக்கம் பிடித்தாள், கிரெசென்சியா மறுபக்கம் பிடித்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்காவின் முகம் ஒரு அண்டா அகலத் தூரத்தில். நரைத்திருந்தாள்.

"அப்ப நீதான்," என்றாள் தெயோனிலா. "நீதான் தூக்கினவ."

"நான் ஏன்டி தூக்கறேன்? என் கொழுந்தன் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். கண்டவ கையில போயிடக் கூடாதுன்னு நான் புடுங்கி வெச்சேன். உத்தரத்துல தொங்கவிட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதுல தண்ணி சுட வெச்சிருப்பேனா? உள்ள பாரு!"

தெயோனிலா உள்ளே பார்த்தாள். ஒரு பல்லி ஓடியது. மற்றபடி அம்மா தேய்த்துவைத்த பளபளப்பு, கொஞ்சம் மங்கியிருந்தாலும், அப்படியே இருந்தது.

"அப்புறம் ஏன் இங்க கொண்டாந்து வெச்ச? வீட்டுக்குக் கொண்டாந்து தரக்கூடாதா?"

"நான் எதுக்கு முதல்ல வரணும்? நீ பாக்கணும்னுதான் வெச்சேன். பாத்துட்டு நீ வருவேன்னு புதருக்குள்ள உக்காந்திருந்தா, இந்தப் புண்ணியவான் மெஷினைத் தூக்கிட்டு ஏர்றான். விடிஞ்சதிலேருந்து எறும்பு கடி வேற!"

"நீ எதுக்கு முதல்ல வரணுமா? எரிஞ்சது என் வீடு!"

"எரிஞ்சதைத் திரும்பக் கட்டினியே, வாசல்ல யார் வீட்டுக் கதவு தொங்குது?"

பாஸ்கலீன் உட்பட, சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த இக்கரை முழுவதும் கால் பெருவிரலைப் பார்த்தது. அந்தக் கதவை இக்கரை ஆண்கள் தூக்கிவந்தபோது, அதில் வரிசையாகக் கீறியிருந்த பிள்ளைகளின் உயரக் கோடுகளைப் பார்த்ததுமே அது அக்கா வீட்டுக் கதவு என்று தெயோனிலாவுக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டாள்.

"நான் உன் அண்டாவைத் தொடவேயில்ல," என்றாள் கிரெசென்சியா. "நீ என் கதவைத் தினமும் திறந்து மூடியிருக்க."

"கதவைத் திறக்காம வீட்டுக்குள்ள எப்படிக்கா போறது?"

அக்கா என்று வந்துவிட்டது. வந்ததை இருவரும் கேட்டார்கள். கிரெசென்சியாவின் உதடு துடித்தது, அழுகைக்கா சிரிப்புக்கா என்று அதற்கே தெரியவில்லை. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடுப்புப் பையை அவிழ்த்துச் சுண்ணாம்புக் குடுக்கையை எடுத்து, கவிழ்த்த அண்டாவின் முதுகில் வைத்தாள். தொட்டு மென்றார்கள். துப்பினார்கள்.

"இத்தனை வருஷத்துல தாமாதாமா தின்னியா?" என்றாள் தெயோனிலா.

"உன்னை விட்டுட்டா? அதுக்கு வாய்ல மண்ணைப் போட்டுக்குவேன்."

டங்கன் முழங்கையைத் தடவிக்கொண்டு எழுந்தான். "தாய்மார்களே, இது அருமையான தருணம். ஆனால் நாளைக்குச் சிலைக்குத் தலை வேண்டும்."

"தலையா முக்கியம்?" என்றாள் கிரெசென்சியா. "வர்றவங்க என்ன சாப்பிடுவாங்கன்னு யோசிச்சியா? நீ போயி தேங்கா துருவு."

மறுநாள் விருந்தாளிகள் தொப்பியும் மாலையுமாகத் திட்டுக்கு வந்தபோது, சிலை நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று டங்கனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காலையில் மட்கார்டுக்காரன் வந்து போயிருந்தான். அதிகாரி பேசி முடித்து, வெள்ளைக்காரம்மா கயிற்றை இழுக்கப் போகும்போது கூட்டத்திலிருந்து ஒருவன் கை தூக்கினான்.

"மன்னிக்கணும். அது என் தார்ப்பாய்."

அவன் உட்கார வேண்டியவனோடு உட்கார்ந்து மென்று துப்பும்வரை எல்லோரும் வெயிலில் காத்திருந்தார்கள். பிறகு தார்ப்பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். சிமெண்டில் நட்ட வெறும் குழாய்கள் நின்றன. வெள்ளைக்காரம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சிலை எங்கே?" என்றாள்.

"எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் பாஸ்கலீன். "மீதி அடுப்புல இருக்கு. பன்னி கொழுத்தது போதும்னு மாத்தேயு சொல்லிட்டான்."

டங்கன் குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை முழுக்கத் தேங்காய்த் துருவல். அழுகிறானோ என்று பார்த்தால், சிவந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தெயோனிலாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அண்டாவில் பால் கொதித்து எண்ணெய் பிரிந்திருந்தது. அவளும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்று இடித்த கிழங்கைக் கொட்டிப் புரட்டினார்கள். கிரெசென்சியா ஒரு கவளம் எடுத்து, ஊதி, தங்கையின் வாயருகே கொண்டுபோனாள். தெயோனிலாவின் வாய் ஒருகணம் திறக்க மறுத்தது. பிறகு திறந்தது.

"அம்மா செஞ்ச மாதிரி இருக்கா?"

தெயோனிலா மென்றாள். கண்ணில் வழிந்தது வாயோரம் வரை வந்து சேர்ந்தது.

"இல்லக்கா. பால் தண்ணியா இருக்கு."

"அந்த நெட்டையனைத் துருவச் சொன்னா அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கிரெசென்சியா தனக்கும் ஒரு கவளம் கேட்டு வாயைத் திறந்தாள்.