பணிவுப் பீத்தல்

இப்போது யாரும் எதையும் சும்மா செய்வதில்லை. செய்வதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் கமுக்கமாக இருந்தால் அதற்கு ஒரு பெயர். படுக்கையில் கிடந்து போனில் கெட்ட செய்தியாகத் தேடிப் படித்தால் அதற்கு ஒன்று. பசியில் எரிந்து விழுவதற்கும் ஒன்று வந்திருக்கிறதாம். என் மகள் அதைச் சொல்லிச் சிரித்தாள். என் அம்மாவிடம் அதற்கு ஒரு துடைப்பக்கட்டைதான் இருந்தது என்றேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன் நான். அன்றைக்கு இருந்த சொற்களிலேயே பாதி எனக்கு இன்னும் செலவாகவில்லை.

அப்படி வந்த புதுச்சொல் ஒன்றுதான் போன செப்டம்பரில் எங்கள் ஊரில் லீக்ஸ் வளர்ப்பவர்களின் போட்டிக்குள் நுழைந்தது.

இங்கிலாந்தின் வடகோடியில், எங்கள் நார்த்தம்பர்லாந்தில் சுரங்கங்களை மூடி வெகுகாலம் ஆகிறது. லீக்ஸை மட்டும் எவனாலும் மூட முடியவில்லை. வெங்காய இனம்தான், ஆனால் நாங்கள் வளர்ப்பது ஆள் தொடை பருமன் வரும். அதில் ஒரு வழக்கம் உண்டு. எவனும் தன் லீக்ஸை நல்லது என்று வாய் திறந்து சொல்லமாட்டான். சூப்புக்குக்கூட ஆகாது என்பான். எவன் தன்னுடையதை அதிகம் திட்டுகிறானோ அவனிடம்தான் பெரியது இருக்கிறது என்று மற்றவர்கள் புரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் பாத்திக்கு இன்னொரு வாளி உரத்தண்ணீர் ஊற்றுவார்கள்.

போட்டிக்கு எழுத்து வேலை பார்க்க எங்களில் எவனும் முன்வராததால், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பிரையனியைச் செயலாளர் ஆக்கினோம். முப்பது வயது இருக்கும். தெற்கேயிருந்து வந்தவள். நாங்கள் பேசுவது பாதி புரியாது என்பதால், யார் எதைச் சொன்னாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள்.

ஆகஸ்டு கடைசியில், போட்டிக்காரர்கள் கூடும் கிளப்பில் உட்கார்ந்து, எங்களில் ஒருவனான வில்ஃப் சார்ல்டன் அவளிடம் சொன்னான்: “என் லீக்ஸா? மேசையில வெச்சா மேசைக்குத்தான் அசிங்கம். என் பேரை அடிச்சுடு தாயி.” நாங்கள் தலையாட்டினோம். பயல் இந்த வருஷம் பெரிதாக வைத்திருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது. பிரையனி அவன் பெயரை அடித்துவிட்டாள். இந்த மண்ணில் பிறந்த எந்தப் பிள்ளையும் அடித்திருக்காது.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு கமிட்டி தோட்டம் தோட்டமாகப் போய் லீக்ஸில் முத்திரை குத்தும், கடைசி நேரத்தில் அடுத்தவனுடையதை எடுத்து வந்து வைக்காமலிருக்க. ஆளுக்கு ஒரு ஜோடி. முத்திரை இல்லாதது மேசை ஏறாது. அந்த முறை குத்தப் போனது நானும் தலைவர் ஆல்டர்சனும். பட்டியலில் வில்ஃப் இல்லை. அவன் டை கட்டி, கதவைத் திறந்துவைத்து, பாத்தி ஓரத்தில் எங்களுக்காக டீக்கோப்பைகளைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தேன். நிற்காமல் நடந்தேன். பட்டியல் பட்டியல்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஒருத்தன் குறைந்தான் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

மத்தியானம் வில்ஃப் கிளப்புக்கு வந்தான். சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“முப்பத்தோரு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு ஜோடி விளைஞ்சதில்ல. அடுத்த வாரம் வெடிச்சிடும். அப்புறம் இதை யாரு பாக்கப்போறா?”

தன் லீக்ஸை நல்லது என்று ஒரு மனுஷன் நேராகச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. அவன் கால்சட்டையை அவிழ்த்துவிட்டதுபோல எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

ஆல்டர்சன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தன் வாயால் விலகியவன் விலகியவன்தான் என்றார். பிரையனியின் முகம் வெளுத்துப்போனது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“இதுக்கு இப்ப ஒரு வார்த்தை இருக்கு. ஹம்பிள்பிராக். பணிவா பேசுற மாதிரி பீத்திக்கிறது. வில்ஃப் விலகல, பீத்திக்கிட்டாரு. அது புரியாம அடிச்சது என் தப்பு.”

“அந்த வார்த்தை எங்க புஸ்தகத்துல இல்ல கண்ணு” என்றார் ஆல்டர்சன்.

“அப்ப அது விலகுனதுன்னே வெச்சுக்குவோம்.” அவள் நோட்டைத் திறந்தாள். “ஆகஸ்டு எட்டு, ஆல்டர்சன்: ‘முயலுக்குப் போட்டேன், முயல்கூட மோந்து பாக்கல, என்னை விட்டுடுங்க.’ அதே நாள், மேட்டி தெர்ல்வெல்: ‘இந்த வருஷம் என்னை ஆட்டையில சேக்காதீங்க.’ உங்க ரெண்டு பேரையும் சேத்தே அடிச்சுடட்டுமா?”

மேட்டி தெர்ல்வெல் நான்தான்.

மூலையில் ஒருவன் சிரித்தான், அப்புறம் கிளப் முழுக்கச் சிரித்தது. ஆல்டர்சன் காது சிவக்கப் புத்தகத்தை மூடினார். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் செய்து வந்ததை, நாங்களே பார்க்காததை, ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆன பெண் ஒரே சொல்லில் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டாள். ஒரு கதவு முழுவதற்கும் ஒரே ஒரு ஆணி போதும் என்று தச்சன் காட்டினால் எப்படி வாயைப் பிளப்போமோ, அப்படிப் பிளந்தேன். அந்தச் சொல்லைச் செய்தவன் எவனோ, கைத்தொழில் தெரிந்தவன்.

முத்திரையை எடுத்துக்கொண்டு நானே வில்ஃபின் பாத்திக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். பால் போல வெள்ளை, ஒரு கீறல் இல்லை. என்னுடையதைவிடப் பெரியது. குத்தினேன். அவன் ஊற்றி வைத்திருந்த டீ ஆறியிருந்தது, குடித்தேன்.

சனிக்கிழமை வில்ஃபுக்கு இரண்டாம் பரிசு. எனக்கு ஆறாமிடம். சாயங்காலம் கிளப்பில் எல்லார் வாயிலும் அதே சொல். எவன் எதைச் சொன்னாலும் “பீத்தாதடா, பணிவா பீத்தாத” என்று அடுத்தவன் மடக்கினான். பிரையனி என் பக்கம் வந்து, இப்போதாவது புதுச்சொல்லை ஒத்துக்கொள்கிறேனா என்று கேட்டாள்.

“நீ கெட்டிக்காரி, அதை ஒத்துக்கிறேன். ஆனா பேரு வெச்சுட்டியே தாயி. இனிமே எவன் வாயத் திறந்து திட்டுவான்? எவன்கிட்ட பெருசு இருக்குன்னு அடுத்த ஆகஸ்டுல நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

அவள் சிரித்தாள். பின்னால் ஆல்டர்சனின் மருமகன், தன் லீக்ஸ் இந்த வருஷம் ரொம்ப நன்றாக வந்தது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தான், கூச்சமே இல்லாமல். நான் தள்ளுவண்டியில் என் இரண்டு லீக்ஸையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.